டிகிரி முடிக்கும் முன்பே ஆய்வு மாநாட்டுக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநிலை மாணவர்களின் புராஜெக்டுகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பதால், ஆண்டுதோறும் மாநாட்டு அறிவிப்புகள் வரும் பருவத்தில் இதே கேள்விகள் என்னிடம் வரும். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் அவர்கள் கேட்ட தொனியிலேயே விட்டிருக்கிறேன்.

முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கூடும் இடத்தில் எனக்கு என்ன வேலை?

பாடப்புத்தகத்தில் எல்லாமே முடிந்துபோன கதை. ஒரு விதி, அதை நிறுவிய சோதனை, பயிற்சிக்குப் பத்துக் கணக்கு, கடைசிப் பக்கத்தில் விடை. மாநாட்டில் அந்தக் கடைசிப் பக்கம் இருக்காது. மேடையில் இருப்பவர் வரைபடத்தைக் காட்டி, "இந்த இரண்டு புள்ளிகள் மட்டும் ஏன் விலகி நிற்கின்றன என்று எங்களுக்கே பிடிபடவில்லை" என்பார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எங்களுக்கும் அதே தொல்லை இருந்தது. கருவியை எவ்வளவு நேரம் சூடேற விட்டீர்கள்?" என்பார். மேடையில் இருப்பவர் ஒரு கணம் யோசித்து, "அதைக் குறித்து வைக்கவில்லையே" என்று தலையைச் சொறிவார்.

இவ்வளவுதான் நடக்கும். ஆனால் பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒன்றைக் கவனிக்காமல் விடுவார், அதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வார், அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பதை நேரில் பார்த்த மாணவர், திரும்பி வந்து தன் ஆய்வகக் குறிப்பேட்டை எழுதுகிற விதமே மாறிவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அங்கே இருக்கிற முதல் வேலை இதுதான்: அறிவு வெந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது.

பேச்சுகளின் காணொளி இணையத்தில் வந்துவிடுகிறது, கட்டுரைகளும் கிடைக்கின்றன. நேரில் போய் என்ன கூடுதலாகக் கிடைக்கும்?

மேடையில் நடப்பது மட்டும்தான் காணொளியில் வரும். மாநாட்டில் பாதி நடப்பது மேடைக்கு வெளியே.

பழைய கதை ஒன்று. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் 140 பேர் அளவில் கூடினார்கள். அணு எடை எது, மூலக்கூறு எடை எது என்பதில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த காலம் அது. மூன்று நாள் பேசியும் ஒருமித்த முடிவு வரவில்லை. கூட்டம் கலையும்போது, இத்தாலியரான கன்னிசாரோ எழுதிய ஒரு சிறு நூலை அவருடைய நண்பர் பவேசி எல்லோர் கையிலும் கொடுத்தார். லோதர் மேயர் அதை வாங்கிப்போய்ப் படித்தபோதுதான் குழப்பம் தீர்ந்தது என்று பிற்பாடு எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த இன்னொருவர் 26 வயது மெண்டலீவ். அவருடைய தனிம அட்டவணை 1869-இல் வெளிவந்தது. அதற்கு அடித்தளமான அணு எடைகளில் தெளிவு கிடைத்தது இந்தக் கூட்டத்தால்தான்.

அண்மைக் காலத்தில் 2011-இல், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் நடந்த ஒரு நுண்ணுயிரியல் மாநாட்டில் ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேயும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். பழைய நகரின் தெருக்களில் நடந்தபடி பேசிக்கொண்டதில் கூட்டாய்வு தொடங்கியது. மரபணுத் திருத்தத்துக்கு வழி செய்த கட்டுரை 2012-இல் வந்தது, 2020-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

உங்களுக்கும் இப்படி நடக்கும் என்று ஆசை காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் அப்போதே தேர்ந்த ஆய்வாளர்கள். வாசலில் கைக்கு வந்த தாளும், சேர்ந்து நடந்த நடையும் எந்தப் பதிவிலும் இருப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

என்னிடம் முடிவுகள் எதுவும் இல்லை. சும்மா கேட்கப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். முதல் மாநாட்டுக்குப் பார்வையாளராகப் போவதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன். சொந்தப் பேச்சு இருந்தால் அது முடியும்வரை மற்ற எதுவும் காதில் ஏறாது. முடிந்த பிறகு களைப்பில் எதுவும் ஏறாது!

ஆனால் கல்லூரியோ வேறு யாரோ செலவை ஏற்க வேண்டுமென்றால், பெரும்பாலும் ஏதாவது சமர்ப்பித்திருக்க வேண்டும் என்பார்கள். ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒட்டி, முன்னால் நின்று வருபவர்களுக்கு விளக்கும் போஸ்டர் அமர்வுகளில், அரைகுறை முடிவுகளுக்கும் இடம் கொடுப்பவை நிறைய உண்டு. "இதுவரை இவ்வளவு செய்தோம், இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று நேர்மையாக ஒட்டப்பட்ட போஸ்டருக்கு முன்னால், எல்லாம் வெற்றி என்று காட்டும் போஸ்டரைவிட அதிகக் கூட்டம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டவரை மீட்டுவிடுவதில் ஆய்வாளர்களுக்குத் தனி சந்தோஷம்.

எந்த மாதிரி மாநாடு எனக்குப் பொருந்தும்?

மாணவர்களுக்காகவே நடப்பவை ஒரு வகை. அமெரிக்காவில் இளநிலை ஆய்வுக்கான தேசிய மாநாடு 1987-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் தொடங்கி, கலை முதல் பொறியியல் வரை எல்லாத் துறை மாணவர்களையும் மேடையேற்றுகிறது. இந்த வகை பல நாடுகளில் இருக்கிறது. பயமில்லாமல் பழக ஏற்ற இடம். குறை என்னவென்றால், உங்கள் தலைப்பை ஆழமாகத் தெரிந்தவர் அங்கே இருக்க வாய்ப்பு குறைவு.

துறை மாநாடுகளுக்கு உள்ளேயே மாணவர் பிரிவு இருப்பது இன்னொரு வகை. கணினித் துறைச் சங்கமான ஏசிஎம் தன் மாநாடுகளில் நடத்தும் மாணவர் ஆய்வுப் போட்டியில் இளநிலைக்குத் தனிப் பிரிவு உண்டு, முனைவர் பட்ட மாணவர்களோடு மோத வேண்டியதில்லை. அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டங்களிலும் இளநிலை மாணவர்களுக்கென்று போஸ்டர் அமர்வு நடக்கிறது. இரண்டு வகையில் எதற்குப் போவது என்றால், நான் இந்த இரண்டாவதற்குத்தான் அனுப்புவேன். கொஞ்சம் நடுக்கம் இருக்கும், பரவாயில்லை.

துறைக்குத் துறை வழக்கம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைதான் முதன்மையான வெளியீடு. கடுமையான மதிப்பாய்வு, முன்னணி மாநாடுகளில் பெரும்பான்மைக் கட்டுரைகள் நிராகரிக்கப்படும். உயிரியல், வேதியியல் துறைகளில் ஆய்வின் சுருக்கத்தை மட்டும் அனுப்புவார்கள், முழுக் கட்டுரை பிறகு ஆய்விதழுக்குப் போகும். இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் எழுதி வந்த கட்டுரையை அப்படியே வாசிப்பது இன்றும் வழக்கம். "மாநாட்டில் பேப்பர் போட்டேன்" என்ற ஒரே வாக்கியத்துக்கு ஒவ்வொரு துறையிலும் வேறு எடை.

"உங்கள் கட்டுரையை எங்கள் சர்வதேச மாநாட்டில் வாசிக்க அழைக்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம்பலாமா?

நீங்கள் அதற்கு முன் ஒன்றும் வெளியிட்டதில்லை என்றால், யோசித்துப் பாருங்கள், அவர்களுக்கு உங்களை எப்படித் தெரியும்?

பணம் பறிப்பதற்கென்றே நடக்கும் மாநாடுகள் ஏராளம், அவற்றுக்கு எளிதான இரை மாணவர்கள். 2005-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர், அர்த்தமே இல்லாத கணினி அறிவியல் கட்டுரைகளைத் தானாக உற்பத்தி செய்யும் சைஜென் என்ற நிரலை எழுதினார்கள். அது கக்கிய கட்டுரை ஒன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்ப, அது ஏற்கப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் அழைப்பு ரத்தானது. அவர்கள் விடவில்லை, மாநாடு நடந்த அதே ஹோட்டலில் தனியாக ஓர் அறை பிடித்து உளறல் உரைகளை நடத்திவிட்டு வந்தார்கள். வேடிக்கை அதோடு முடியவில்லை. அதே நிரலில் பிறர் உண்டாக்கிய கட்டுரைகள் 120-க்கு மேல் ஸ்பிரிங்கர், ஐ-ட்ரிபிள்-ஈ போன்ற பெரிய பதிப்பகங்களின் மாநாட்டுத் தொகுப்புகளிலேயே நுழைந்திருந்தது தெரிந்து, 2014-இல் அவற்றை நீக்கினார்கள். 2016-இல் நியூசிலாந்துப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் பார்ட்னெக், அணு இயற்பியல் மாநாடு ஒன்றுக்கு ஆப்பிள் கருவியின் தானியங்கிச் சொல் பரிந்துரையை மட்டும் தட்டித் தட்டி ஒரு சுருக்கம் எழுதி அனுப்பினார். மூன்றே மணி நேரத்தில் ஏற்பு வந்தது.

பெரிய பெயர் ஒட்டியிருப்பது மட்டும் போதாது என்பது இதிலிருந்தே தெரியும். நான் பார்ப்பது சிலவற்றைத்தான். ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் பொறியியல், மருத்துவம், மேலாண்மை, மொழியியல் எல்லாவற்றுக்கும் மாநாடு என்றால் விலகிவிடுவேன். அனுப்பிய மறுநாளே ஏற்பு, மதிப்பாய்வாளர் குறிப்பு ஒரு வரிகூட இல்லை என்றால் விலகிவிடுவேன். குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியரின் சொந்தப் பக்கத்தில் இந்த மாநாடு பற்றிப் பேச்சே இல்லை என்றால் அவருக்கே எழுதிக் கேட்கலாம். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்ததும் உண்டு. எல்லாவற்றையும்விட எளிய சோதனை: உங்கள் புராஜெக்டுக்காகப் படித்த கட்டுரைகளை எழுதியவர்கள் எந்த மாநாட்டுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள்.

சுருக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

என்ன கேள்வி, ஏன் அது இன்னும் தீரவில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது. கிடைத்ததை எண்ணோடு சொல்லுங்கள். "நல்ல முன்னேற்றம் காணப்பட்டது" என்பதற்கு எடையே இல்லை. மாணவர்கள் பாதி இடத்தைத் துறையின் பெருமை பாடுவதில் செலவழித்துவிடுகிறார்கள், அதை முதலில் வெட்டுங்கள். அனுப்பும் முன் வழிகாட்டியும் கூட வேலை செய்தவர்களும் படித்து ஒப்புதல் தர வேண்டும். இது மரியாதைக்காகச் செய்வது இல்லை, கட்டாயம். யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

போஸ்டரா, மேடைப் பேச்சா?

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் போஸ்டர். மேடையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசி, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லி இறங்கிவிடுவீர்கள். போஸ்டர் முன்னால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நிற்கிறீர்கள். ஒரே வேலையை இருபது பேருக்கு இருபது விதமாக விளக்க வேண்டிவரும். பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது உங்கள் வேலை உங்களுக்கே முதல்முறையாகப் புரியும்.

என் முதல் போஸ்டரைச் சொல்கிறேன். ஏ0 அளவு, அதாவது 841-க்கு 1189 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய தாளில் ஒரு விரல் இடம்கூட விடாமல் எழுத்தால் நிரப்பியிருந்தேன். இரண்டு அடி தள்ளி நின்றால் படிக்க முடியாது. முதல் அரை மணி நேரம் ஒருவரும் வரவில்லை. எதிர்வரிசைப் பெண்ணிடம் கூட்டம். பிறகு வயதான ஒருவர் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நடுவில் இருந்த வரைபடத்துக்கு மூக்கு படும்வரை குனிந்தார். நான் மனப்பாடம் செய்த அறிமுகத்தைத் தொடங்கினேன். அவர் விரலை நிமிர் அச்சில் வைத்து, "தம்பி, இது என்ன அலகு?" என்றார். அலகு போடவே இல்லை. வாய்விட்டுச் சொல்லப்போனபோது, அது மில்லிவோல்ட்டா, பெருக்கியைத் தாண்டி வந்த வோல்ட்டா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவர் பைக்குள் இருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். "தெரிந்ததும் எழுதிவிடு, அடுத்து வருபவர் கேட்பார்" என்றார். அப்புறம் நான் வழிகாட்டிக்குப் போன் செய்து கேட்டு, போஸ்டரில் கையால் எழுதினேன். அன்றிலிருந்து எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அச்சுக்குத்தான் போகும்.

போஸ்டர் வடிவமைப்புக்கு ஒரு யோசனை. 2019-இல் உளவியல் ஆய்வு மாணவர் மைக் மாரிசன் ஒரு காணொளியில் புது அமைப்பைச் சொன்னார்: முக்கியமான முடிவை எளிய மொழியில் ஒரே வாக்கியமாக நடுவில் பெரிதாகப் போடுங்கள், விவரங்கள் ஓரத்தில் இருக்கட்டும், முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் குறியீடு. நடந்துகொண்டே படிக்கிறவருக்கும் ஒன்று கிடைக்கும். எல்லாத் துறைக்கும் இது ஒத்துவராது என்று சிலர் சொல்கிறார்கள், நியாயம்தான். ஆனால் என்னுடைய முதல் போஸ்டரைவிட நிச்சயம் மேல்.

கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?

"தெரியவில்லை, அதை நாங்கள் சோதிக்கவில்லை" என்று சொல்லுங்கள். முடிந்தால், "சோதிப்பதென்றால் இப்படிச் செய்து பார்ப்பேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சமாளித்தால் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பேச்சு சொதப்பிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது 1948-இல் பென்சில்வேனியாவின் போகோனோவில் நடந்த இயற்பியலாளர்கள் கூட்டத்தின் கதை. ஜூலியன் ஷ்விங்கர் ஒரு நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு பேசி முடித்த பிறகு, 29 வயது ஃபைன்மன் எழுந்து, பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கப்போகும் தன் புது முறையை விளக்கினார். டிராக், டெல்லர் என்று ஆளாளுக்குக் குறுக்கிட்டார்கள். நீல்ஸ் போர், இவருக்குக் குவாண்டம் அடிப்படையே புரியவில்லை என்று நினைத்து எழுந்து வந்து விளக்கம் கொடுக்கத் தொடங்கினார். ஃபைன்மன் மனம் நொந்து திரும்பி, எல்லாவற்றையும் எழுதி 1949-இல் வெளியிட்டார். 1965-இல் ஷ்விங்கர், டோமோனாகா ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சபையில் எடுபடாத பேச்சு தவறான பேச்சு என்று ஆகிவிடாது.

போய் உட்கார்ந்தால் ஒன்றுமே புரிவதில்லையே?

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கும் பாதிதான் புரிகிறது, நம்புங்கள். தன் உட்பிரிவைத் தாண்டிய பேச்சில் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஸ்லைடும்தான் பலருக்கும் மிஞ்சும்.

நிகழ்ச்சி நிரலை முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலைந்து பேச்சுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவற்றின் சுருக்கங்களையாவது படித்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு பேச்சிலும் மூன்று வரி மட்டும் எழுதுங்கள்: என்ன கேட்டார், எப்படித் தேடினார், எனக்கு எங்கே விட்டுப்போனது. மூன்றாவது வரிதான் ஊர் திரும்பியதும் படிக்க வேண்டியவற்றின் பட்டியல். நடுவில் இரண்டு அமர்வைத் தவறவிட்டு வெளியே உட்கார்ந்தால் குடிமுழுகாது. எல்லாவற்றையும் கேட்டே தீருவேன் என்று ஓடுகிறவர்கள் இரண்டாம் நாள் மதியத்துக்குள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.

பெரிய ஆட்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

"சார், உங்கள் ரசிகன்" என்று தொடங்காதீர்கள். அவர்கள் கட்டுரை ஒன்றில் உங்களுக்கு விளங்காத ஓர் இடத்தைக் கேளுங்கள். "நீங்கள் மாதிரிகளை ஏன் இரவு முழுக்க வைத்திருந்தீர்கள்? நாங்கள் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டோம்" என்பது போல ஒரு கேள்வி போதும், அடுத்த பத்து நிமிடத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பேச்சு முடிந்த உடனே மேடையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், அப்போது நெருக்க வேண்டாம். இடைவேளையில் பிடியுங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு உண்மையில் அதிகம் உதவப்போகிறவர்கள் அந்தப் பெரிய ஆட்களாக இருக்க மாட்டார்கள். அவர்களுடைய ஆய்வகத்தில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவர்களாக இருப்பவர்கள்தான். அந்த ஆய்வகத்தில் சேரலாமா, வழிகாட்டி எப்படிப்பட்டவர், உதவித்தொகை காலத்தில் வருகிறதா என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

செலவுக்கு என்ன வழி?

மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் பொதுவாகக் குறைவு. பல சங்கங்கள் பயண உதவித்தொகை தருகின்றன, அதற்கான காலக்கெடு பெரும்பாலும் பதிவுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் ஏற்புக் கடிதம் வந்த அன்றே தேடத் தொடங்குங்கள். சில பெரிய மாநாடுகள் மாணவர் தன்னார்வலர்களை எடுத்துக்கொள்கின்றன. வாசலில் அடையாள அட்டை கொடுப்பது, அறையில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது மாதிரி சில மணி நேர வேலை, பதிலுக்கு உங்களிடம் பதிவுக் கட்டணம் வாங்க மாட்டார்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். எந்த மாநாடும் அதற்குத் தகுதியானது இல்லை. இணையவழியில் கலந்துகொள்ளும் வசதி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுகள் முழுதாகக் கிடைக்கும், இடைவேளைப் பேச்சுதான் கிடைக்காது.

என் யோசனையை யாராவது எடுத்துக்கொண்டால்?

அபூர்வம். ஊரறியச் சொன்னதே, அது உங்களுடையது என்பதற்குச் சாட்சியும் ஆகிறது. ஆனால் காப்புரிமைக்கு வாய்ப்புள்ள வேலை என்றால் கவனம் தேவை. பல நாடுகளின் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விட்டதாகக் கொள்வார்கள். போஸ்டரும் வெளியீடுதான். முதலில் விண்ணப்பம், பிறகு மாநாடு.

வகுப்புகள் போய்விடுமே?

மூன்று நாள் போகும். முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

மேற்படிப்புக்கும் வேலைக்கும் உதவுமா?

சான்றிதழ் என்று கேட்டால், மிகக் கொஞ்சம்தான். பங்கேற்புச் சான்றிதழ் பத்து இருந்தாலும் தேர்வுக் குழுவில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் துறையின் மதிப்புள்ள மாநாட்டில் மதிப்பாய்வைத் தாண்டி வந்த ஒரே கட்டுரை, அந்தப் பத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

உதவுவது மறைமுகமாகத்தான். நேர்காணலில் "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், போஸ்டர் முன்னால் இருபது முறை சொன்னவருக்கும் முதல்முறை சொல்பவருக்கும் வித்தியாசம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் எழுதுகிற எனக்கும், "நன்றாகப் படிப்பவர்" என்பதைத் தாண்டி எழுத ஒரு சம்பவம் கிடைக்கும். அப்புறம், அங்கே போய்ப் பார்த்து, இந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்து வந்த மாணவர்களும் உண்டு. அதுவும் பலன்தான். ஐந்து வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதை அவர்கள் மூன்று நாளில் தெரிந்துகொண்டார்கள்.

திரும்பி வந்ததும் என்ன செய்வது?

ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் எழுதுங்கள். அதற்குமேல் போனால் அவர்களுக்கு முகம் மறந்துவிடும், உங்களுக்குக் கூச்சம் வந்துவிடும். சந்தித்த எல்லோருக்கும் வேண்டாம், இரண்டு மூன்று பேருக்குப் போதும். நாலு வரிக்கு மேல் போகக்கூடாது. என் மாணவி ஒருத்தி அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "செவ்வாய்க்கிழமை போஸ்டர் அமர்வில் வெப்பநிலை பற்றிக் கேட்டீர்கள், அன்று என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்ததும் 40 டிகிரியிலும் 60 டிகிரியிலும் செய்து பார்த்தேன். 60-இல் நீங்கள் சொன்னபடியே வளைவு சரிகிறது. வரைபடத்தை இணைத்திருக்கிறேன்."

பதில் அன்று மாலையே வந்தது. "80-இல் செய்து பார்த்தாயா?" என்று ஒரே வரி.